ரெண்டுதான் ரூல்

நோய்க்கும் மனித குலத்துக்கும் நடுவே நிற்கும் கடைசி அரண் மருந்தாளுநர்தான். கருத்தரங்க மேடையில் மருந்தாளுநர் ஒருவரே இப்படி முழங்கியபோது பாதிப் பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். மீதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். அன்று கிடைத்த கேடயம் அவர் கடையில் இருமல் மருந்துகளுக்கு மேலே தூசு படிந்து நிற்கிறது.

ஊசி மாற்றுத் திட்டத்தில் அந்த வட்டாரத்தில் சேர்ந்திருந்த ஒரே கடை அவருடையது. போதை ஊசி போடுகிறவர்கள் பழைய ஊசியை மஞ்சள் டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை இலவசமாக வாங்கிப் போகலாம். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டு நோயை வாங்கிக்கொள்ள வேண்டாம். பெயர் கேட்கக் கூடாது. இவையெல்லாம் திட்டத்தின் விதிகள். ஒரு தடவைக்கு ரெண்டுதான் என்பது மட்டும் மருந்தாளுநரின் சொந்த விதி.

காரணம் பெயிண்டர். பெயர்ப்பலகை எழுதிய கை, இப்போது நடுங்குகிறது. ரெண்டு கொடுத்தால் மறுநாளே வந்துவிடுவார். ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்க்கடைப் பலகையைத் திட்டுவார். "அந்த 'ழ'வைப் பாருங்க டாக்டர். வயித்துவலி வந்த மாதிரி நிக்குது."

மற்றவர்களுக்கு அவர் மெடிக்கல்காரர். பெயிண்டருக்கு மட்டும் டாக்டர். மருந்தாளுநர் திருத்தியதில்லை. மனைவி, மகன் வீட்டோடு தங்கிவிட்டாள். போனில் "சாப்டாச்சா?" என்பாள், அவர் பதில் சொல்வதற்குள் பேரன் போனைப் பிடுங்கிவிடுவான். நாள் முழுக்கக் கடையில் பேச்சு நடக்கும்தான்: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

சுகாதாரத் துறை மேடம் பார்வையிட வந்த மாலை, பெயிண்டர் ஸ்டூலில்தான் இருந்தார். மரியாதையாக எழுந்தார்.

"மேடம், இந்த ரெண்டுங்கற ரூலைக் கொஞ்சம் தளத்துங்களேன். பத்தாம, முந்தாநாள் பக்கத்துல இருக்கறவன் ஊசிய வாங்கிப் போட வேண்டியதாப் போச்சு."

"ரெண்டா? யாருங்க சொன்னது? எவ்வளவு கேட்டாலும் குடுக்கலாமே!"

மருந்தாளுநர் அலமாரிப் பக்கம் திரும்பி, நேராகத்தான் இருந்த பாட்டில்களை நேராக்கினார்.

பெயிண்டர் அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, காட்டிக்கொடுக்க மனசில்லாதவர் போல, "ரூலை மாத்திட்டாங்க போல, டாக்டர்," என்றார்.

"ஆமா. இப்பதான்."

டாக்டர் என்றதும் மேடம் நிமிர்ந்து பார்த்தாள். காது சிவக்க, அவர் பெட்டி நிறைய ஊசியை எடுத்து நீட்டினார்.

"இனிமே மாசம் ஒரு தடவ வந்தா போதும்," என்று பெயிண்டர் கிளம்பினார். மருந்தாளுநர் அவரை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். கருத்தரங்கில் அதைப் பற்றியே தனியாக முழங்கியவர்தான். இப்போது பாட்டில்களையே மறுபடி நேராக்கினார்.

மறுநாள் ஸ்டூல் காலி. அதற்கடுத்த நாளும். அன்று சாயங்காலம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, ஊசி போடுகிறவர்கள் தங்கும் பாலத்தடிக்குப் போனார். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் படுக்கை போட்டுக்கொண்டிருந்தவனிடம் விசாரித்தார்.

"பெயிண்டரா? இங்க மூணு பெயிண்டர் இருக்கான். பேரென்ன?"

அந்த ஒரு விதியை அவர் மீறியதே இல்லை.

"போர்டு எழுதுவார். 'ழ' நல்லா எழுதுவார்."

அவன் சிரித்தான். "இங்க எவன் 'ழ'வப் பாத்தான்? சரி, வந்தா சொல்றேன். என்ன சேதி?"

"உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க. முக்கியம்."

"யார் சொன்னாங்கன்னு கேப்பானே?"

மருந்தாளுநர் பாலத்தைப் பார்த்தார். மேலே ஏதோ வண்டி போனது.

"டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க," என்றார்.