ஜன்னல் அளவுக்கு ஒரு பலகை

போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. குண்டுச் சத்தம் நின்றது என்னவோ வாஸ்தவம்தான். ஆனால் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? கண்ணாடிக்காரர் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி சொல்லிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்படியே அதே அளவுல ஒரு பலகையும் அறுத்துடுங்க" என்பார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு, பலகை கட்டிலுக்கு அடியில். எந்த நேரம் எது வெடிக்கும் என்று யார் கண்டது?

கண்ணாடிக்காரர் ஒன்றும் கேட்பதில்லை, இரண்டையும் அளவு பிசகாமல் அறுத்துக் கொடுப்பார். அவர் கவலை வேறு. சண்டையில் கைக்குழந்தையோடு தப்பிப் போன மகள் தூரத்து ஊரில் நாத்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். போன் போட்டால் ஒரே கேள்வி: "அப்பா, நாங்க வரலாமா?" அவர் வா என்றால் வந்துவிடுவாள். வந்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போதுதான், எதிர்த்தரப்போடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசி முடித்த அதிகாரியே கடைக்கு வந்தார். வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் கண்ணாடி வேண்டுமாம். கண்ணாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அதிகாரி வாசலைத் தாண்டினார், தெருவில் நின்று கடையை அண்ணாந்து பார்த்தார், காரில் ஏறிப் போயே போய்விட்டார். பலகை என்ற பேச்சே இல்லை. உள்விஷயம் தெரிந்த மனுஷனே கேட்கவில்லையென்றால் இனி என்ன பயம்? அந்த வேலை முடிந்ததும் மகளை வரச்சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். ஊரே பலகை கேட்கும் கதை தெரிந்த மகளிடம், அதிகாரி வீட்டு வேலை முடியட்டும், சொல்கிறேன் என்று மட்டும் போனில் சொன்னார்.

சில நாள் கழித்து அதிகாரி வீட்டில் தெருப்பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, பின்னறைக்குப் போன கண்ணாடிக்காரர் திகைத்து நின்றார். அங்கே ஜன்னல்கள் அத்தனையும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. சிமென்ட் இன்னும் ஈரம் காயவில்லை.

"இது எப்போ சார் கட்டினது?"

"நேத்துதான்." அதிகாரி கூச்சப்படவே இல்லை.

"நீங்கதானே சார் பேசி முடிச்சீங்க?"

"சுடுறதை நிறுத்தப் பேசினோம். மத்ததைத் தொட்டா ரெண்டு தரப்பும் எழுந்து போயிடும்னு விட்டுட்டோம்."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப முன்னாடி கண்ணாடி எதுக்கு? ஊரை ஏமாத்தவா?"

"முன்பக்கமும் அடைச்சா சனம் மறுபடி ஓட ஆரம்பிச்சுடும்." அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைக் கேக்கறீங்களே. கடைக்கு மேலதானே உங்க வீடு? கண்ணாடி விக்கிற மனுஷன் வீட்டுல ஒரு ஜன்னல்லகூட கண்ணாடி இல்ல, எல்லாம் பலகை. உங்களுக்கு ஏதோ சேதி வந்திருக்குன்னு நெனச்சுத்தான் நான் கொத்தனாரையே கூப்பிட்டேன்."

அந்தப் பலகைகளைக் கழற்ற நேரம் வாய்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் கண்ணாடிக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அந்த ஆபீசர் பலகை கேட்டாராப்பா?"

"கேக்கலம்மா."

"அப்ப நாங்க வந்துடவா?"

"கொஞ்சம் பொறும்மா. பாப்பா நடக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"அவ ஓடவே ஆரம்பிச்சுட்டாப்பா" என்றாள் மகள்.