விமானம் ஏறியவர்களின் சோபா

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கோவளம் கடல்மீது சத்தியம். பொய்யென்றால் நாளை முதல் கடல் உப்புக் கரிக்கட்டும்.

அன்று காலை நூர்முகமது தன் ஆட்டோவிலிருந்து தண்ணீர் கேன்களை மண்டபத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். இறந்துபோன நடு அண்ணனின் மகள் அஃப்ஸானாவுக்கு நிக்காஹ். அத்தா இல்லாத பெண்ணை அத்தாவின் உடன்பிறந்தவர் ஒருவர் பொறுப்பேற்று, மாப்பிள்ளையின் கைபிடித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவளை ஆட்டோவில் சுமந்து வளர்த்தவர் நூர்முகமது. அந்த ஒரு கைப்பிடிப்புக்காகவே புதுச்சட்டை தைத்திருந்தார்.

ஆனால் குவைத்திலிருந்து மூத்த அண்ணன் தௌசிஃப் வந்திறங்கிவிட்டார். அவர் பூசிய அத்தரில் கேளம்பாக்கம் வரை ஈக்கள் மயங்கி விழுந்தன. மண்டபத்தில் ஒரு சிவப்பு சோபா உண்டு. வெளிநாடு போய் வந்தவர்களுக்கு மட்டும்தான் அது. உள்ளூர்க்காரர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிடும். ஒரு முறை உட்கார்ந்து பார்த்த கறிக்கடைக்காரர், நேராகப் பிரியாணி அண்டாவுக்குள்தான் போய் இறங்கினார்.

தௌசிஃபைச் சோபாவில் அமர்த்திவிட்டு ஜமாஅத் தலைவர் நூர்முகமதுவின் தோளைத் தட்டினார்.

“நூரு, நீ பந்தியப் பாத்துக்கப்பா. அண்ணாத்த ஃபாரின்லேர்ந்து வந்துகீறாரு. அவரு கைபுடிச்சுக் குடுத்தாதான் நம்ம சபைக்கு ஒரு கெத்து.”

நூர்முகமது புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தார்.

சம்மதம் கேட்கத் தௌசிஃப் சாட்சிகளோடு பெண்கள் பக்கம் போனார். தம்பி மகளை அவர் இத்தனை வருடங்களாகப் பார்த்ததெல்லாம் செல்போனில்தான். அதுவும் பூனைக்காதும் மீசையும் ஒட்டிய முகமாகத்தான். அங்கே காதும் மீசையும் யாருக்கும் இல்லை. யாருக்கு நகை அதிகமோ அவள் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, சம்மதமா என்று கேட்டுவிட்டார்.

“பெரியத்தா, எனக்குச் சம்மதந்தான்” என்றாள் அவள். “ஆனா நான் மருதாணி போட வந்த ஷஃபானா. பொண்ணு அந்தாண்ட கீது.”

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி இரண்டு கழன்று விழுந்தன. அஃப்ஸானா மட்டும் சிரிக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க பெரியத்தா. என் சம்மதத்த சின்னத்தா வந்து கேட்டாதான் சொல்லுவேன்.”

தௌசிஃப் நேராகப் பந்திக்குப் போய், தம்பி கையிலிருந்த கரண்டியை வாங்கித் தலைவர் கையில் கொடுத்தார். நூர்முகமதுவை இழுத்துவந்து அத்தனை பேர் முன்னாலும் சோபாவில் உட்காரவைத்தார். எல்லாரும் அண்டாவைப் பார்த்தார்கள். ஸ்பிரிங் மூச்சுகூட விடவில்லை.

“அந்த ஊர்ல எனக்கு ஒருத்தனும் நாற்காலி போட்டதில்ல” என்றார் தௌசிஃப். “நின்னுகினேதான் சம்பாரிச்சேன். நான் போனதால இந்தக் குடும்பத்துக்குச் சோறு வந்திச்சு. இவன் இங்கயே இருந்ததாலதான் குடும்பம்னு ஒண்ணு இருந்திச்சு. போய்ட்டு வந்தவனுக்குப் போடுற சோபாவ, போகாம நம்மளத் தாங்கிகினு இருந்தவனுக்கும் போடுங்க. அதான் ஊருக்குக் கெத்து.”

தலைவர் கரண்டியோடு தலையாட்டினார். நூர்முகமது எழுந்து, சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, அஃப்ஸானாவிடம் சம்மதம் கேட்டு வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். அவர் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் மண்டபத்துக் கூரையே ஒரு முழம் உயர்ந்தது. இன்றைக்கும் போய் அளந்து பார்க்கலாம்.

அஃப்ஸானாவின் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.