ஹெட்போனைக் கழற்றிய பிறகு

ஜொவிட்டா திரையில் தன்னுடைய கைதட்டலைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஃபிரெட்ரிக் நேற்றுக் காலை இறந்துபோனார். மதியத்துக்கு மேல் சாந்தோம் கோயிலில் பூசை. அதற்குள் வீடியோ வேண்டுமென்று மஸ்கட்டிலிருந்து அண்ணன் விக்டர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் மன்னிப்பு கேட்டதும் அப்பா தலையாட்டினாரு ஜொவி. நீயும் பாத்தல்ல? பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அத ஒரு வாட்டி பாத்துடறேன்."

தன் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை என்ற ஆத்திரத்தில், "நீ செத்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். அதன் பிறகு வருடக்கணக்கில் பேச்சில்லை. இப்போது வர நினைத்தபோது, விசா வேலைக்காகக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை.

நேற்று விடியற்காலையில் அவன் வீடியோ காலில் வந்தபோது ஜொவிட்டாதான் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். ஆழ்வார்பேட்டையில் ஆன்லைன் பாடங்களை எடிட் செய்வது அவள் வேலை. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் லேப்டாப்பில் ஹெட்போனைச் செருகி அவர் காதில் மாட்டினாள். அண்ணனின் குரல் அவருக்கு மட்டும்தான் கேட்கும். ஆகவே அவன் குரலையும் அறையின் சத்தத்தையும் லேப்டாப்பிலேயே பதிய விட்டு, அப்பாவின் முகத்தை எடுக்கச் செல்போனை ஸ்டாண்டில் வைத்தாள். இரண்டையும் பிறகு பொருத்துவதற்காக, பழக்கதோஷத்தில் ஒரு தடவை கையைத் தட்டினாள். அப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

இரண்டு பதிவிலும் கைதட்டல் செங்குத்தாக ஒரு கோடாக எழும்பி நின்றது. கோட்டின் கீழ் கோட்டை நகர்த்தி வைத்து ஓடவிட்டாள்.

"அப்பா, நான் விக்டர் பேசறேன்ப்பா."

அப்பாவின் இமை அசைந்தது. பிறகு நெட் நின்றுவிட்டது. விக்டர் தரப்பில் ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "ஏங்க, தண்ணி வேணுமா?"

அப்பா தலையாட்டினார்.

அம்மா ஆலிஸ் ஹெட்போனைக் கழற்றித் தலையணையில் வைத்தாள். அவர் தலையைத் தாங்கிப் பிடித்து ஸ்பூனால் தண்ணீர் புகட்டினாள். அப்போதுதான் விக்டரின் குரல் வந்து சேர்ந்தது.

"என்ன மன்னிச்சிடுங்கப்பா. நான் அப்டி பேசியிருக்கக் கூடாது."

ஹெட்போன் தலையணையில் கிடந்தது. தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அதன் பிறகு அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

ஜொவிட்டா கைதட்டலை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் பொருந்தியிருந்தது. இங்கே தலையாட்டியது அங்கே தாமதமாகத் தெரிந்திருக்கிறது. அங்கே பேசியது இங்கே அதைவிடத் தாமதமாக வந்திருக்கிறது.

விக்டரின் குரலை மட்டும் வெட்டி எடுத்து முன்னால் இழுத்தாள். தலையாட்டலுக்கு முன்பு அது அழகாக உட்கார்ந்தது. அம்மாவின் குரல்தான் குறுக்கே இருந்தது. அதை அழித்தாள். ஓடவிட்டுப் பார்த்தாள். அனுப்பக் கை வரவில்லை.

கூடத்தில் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணி வேணுமான்னு கேட்டேன். தலையாட்டினாரு. கடைசியா என் கையாலதான் குடிச்சாரு." நேற்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும் இதையேதான் சொல்கிறாள்.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "அப்பா கையில வெக்கணும். அவரு செபமாலை எங்கடி?"

"அலமாரியில."

எடுத்துக்கொண்டு திரும்பியவள் திரையைப் பார்த்து நின்றாள். "விக்டர் கேட்டதா? போடு, பாக்கறேன்."

ஜொவிட்டா முதலில் உள்ளது உள்ளபடி போட்டுக் காட்டினாள். அம்மா ஹெட்போனை இரு கையாலும் அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

"அவன் கேட்டது இவரு காதுல விழவே இல்லியா?"

"இல்லம்மா."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தனக்குத்தான் தலையாட்டினாருன்னு நெனச்சிக்கினு இருக்கான்."

பிறகு தான் மாற்றி வைத்ததைப் போட்டாள்.

"நான் கேட்டத எங்கடி காணோம்?"

"அத எடுத்தாத்தாம்மா சரியா வரும்."

அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பஞ்சில் ஒட்டியிருந்த நரைமுடி ஒன்றை மெல்லப் பிரித்தெடுத்தாள். அதைக் கீழே போடவில்லை.

"அனுப்பிடு. அங்க தனியா கெடக்கான்."

சொல்லிவிட்டுச் செபமாலையோடு எழுந்து போனாள்.

வீடியோ போய்ச் சேர்ந்ததும் விக்டரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதில் பேச்சு எதுவும் இல்லை, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

ஜொவிட்டா கூடத்துக்கு வந்தபோது அம்மாவோடு வேலை பார்த்த ஷீலா டீச்சர் மந்தவெளியிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது பேசினாராக்கா?" என்று கேட்டார்.

அம்மா பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"விக்டர் பேசினான். தலையாட்டினாரு."

"அது போதும்க்கா."

"ம்."

வண்டி வந்துவிட்டதாகக் கீழேயிருந்து குரல் கொடுத்தார்கள். லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது. இரண்டு மாடியும் படி வழியாகத்தான் இறக்க வேண்டும். வாசல் தாண்டிப் படிகளிலும் வந்தவர்களின் செருப்புகள் சிதறிக் கிடந்தன. தூக்குகிறவர்கள் இடறிவிடக் கூடாது. ஜொவிட்டா அவர்களுக்கு முன்னால் குனிந்தபடி இறங்கினாள், ஒவ்வொரு படியிலும் செருப்புகளைச் சோடி கலையாமல் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டு.