ஆகஸ்ட் மாதத்துப் புரோட்டான்

சுஜந்தனுக்குக் கூட்டல், கழித்தல் எல்லாம் வரும். அணுவுக்குள் இருப்பதில் எதற்குப் பிளஸ், எதற்கு மைனஸ் என்பது மட்டும் மண்டையில் தங்காது. பிப்ரவரி வாய்மொழித் தேர்வில் அதனால்தான் தோற்றான். வருகைப்பதிவு போதாமல் நானும் தோற்றேன். ஆகஸ்டில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் கல்லூரி பெயரை நீக்கும், மாணவர் விசா ரத்தாகும். இந்த வளைகுடா நகரத்தில், அல் கூஸில் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டும் அம்மாவை விட்டுவிட்டு அவன் யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏற வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. வாப்பாவுக்குத் தேராவில் கடை இருக்கிறது, விசா அதிலேயே கிடைக்கும்.

அல் குசைஸில் ஒரே அறையில் இருந்ததால் நான்தான் வழி சொன்னேன். பாட அட்டையில் புரோட்டான் சிவப்பு, எலக்ட்ரான் நீலம். அப் குவார்க் சிவப்பு, டவுன் குவார்க் நீலம். குளியலறைக் குழாயிலும் அதே இரண்டு நிறங்கள்தான். சுட்டால் பிளஸ், குளிர்ந்தால் மைனஸ். தினமும் தொட்டுத் தொட்டுப் பாடமாக்கு என்றேன். சொன்னதைச் செய்கிற ரகம் அவன். மார்ச்சில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொன்னான்.

பிறகு மே வந்தது. இங்கே மே வந்தால் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதித்து, நீலக் குழாயில் டீ போடலாம். ஊரே செய்வதுபோல நாங்களும் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சிவப்புக் குழாயில் குளித்தோம். ஹீட்டருக்குள் தங்கிய தண்ணீர்தான் ஆறியிருக்கும். சுஜந்தன் விடாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் தேர்வு முதல் நாள், என்னுடையது மறுநாள். தேர்வன்று காலையில் என் முன்னால் நின்று ஒப்பித்தான். புரோட்டான் மைனஸ் ஒன்று. எலக்ட்ரான் பிளஸ் ஒன்று. அப் குவார்க் மைனஸ் மூன்றில் இரண்டு, டவுன் பிளஸ் மூன்றில் ஒன்று. இவ்வளவு முழுமையான தவறை நான் பார்த்ததே இல்லை. கைவைக்க மனம் வரவில்லை.

"சரியோ மச்சான்?" என்றான்.

"பக்கா," என்றேன்.

தேர்வெடுத்த ஷியாமளா மிஸ் அவனை விசாரித்த இருபது நிமிடமும் நான் கதவுக்கு வெளியே நின்றேன். இரண்டு அப், ஒரு டவுன் சேர்த்துப் புரோட்டானைக் கட்டச் சொன்னார். மைனஸ் ஒன்று என்று ஒழுங்காக வந்தது. நியூட்ரானுக்குப் பூஜ்யம் வந்தது. அணுவின் மொத்தமும் பூஜ்யம். எங்கேயும் இடிக்கவில்லை.

"எல்லாமே தலைகீழா இருக்கற ஒரு உலகம் எங்கயாவது இருக்கலாம் தம்பி," என்றார் மிஸ். "அங்க உங்களுக்கு நூத்துக்கு நூறு. இங்க ஃபெயில்."

வெளியே வந்தவன் சுவரோரம் உட்கார்ந்தான். காலையில் நான் ஒப்பித்ததைக் கேட்டாயே, பிழையென்று ஏன் சொல்லவில்லை என்றான். இதற்கு நான் முன்பே பதில் தயார் செய்திருந்தேன்: நானும் அதே குழாயைத்தானே தொட்டேன், எனக்கும் அது சரியென்றே பட்டது. நம்பிவிட்டான். நம்பியதோடு நிற்காமல் பதறிப்போனான்.

"அப்ப நாளைக்கு நீயும் பிழையாச் சொல்லப்போறாய் எல்லே. நில்லு, எழுதித் தாறன்."

தேர்வுச் சீட்டின் பின்பக்கத்தில் நான்கையும் சரியாக எழுதி, பிளஸ் மைனஸ்களுக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தான். அம்மாவுக்குப் போன் செய்வதற்கு முன்னால் அதை என்னை ஒப்பிக்கச் சொன்னான். முதல் தடவை வேண்டுமென்றே தடுமாறினேன். பொறுமையாகத் திருத்தினான்.