தேங்காயெண்ணெய் போட்ட சைக்கிள்

சிவமுருகனின் முழங்காலுக்கும் அவன் மனைவி தேவசேனாவின் சைக்கிளுக்கும் என்ன பகையோ, வாசலில் நிற்கிற அதன் பெடல் தினமும் அவனை இடித்தது. இடித்ததும், "இந்தச் சனியனைக் காயலான் கடையில போடுறேன் பாரு" என்று கத்துவான். டாக்சி ஓட்டுகிற மனுஷன் எதிரில் நிற்பதைப் பார்த்து நடக்கக் கூடாதா? அதைக் கேட்டால் சண்டை வரும். தேவசேனா கேட்டாள், வந்தது.

அவளுக்கு அந்த சைக்கிள் என்றால் உயிர். வீடு மேட்டுத் தெருவில், காய் நறுக்குகிற வேலை ஏரிக்கரை ஹோட்டலில். காலையில் ஏறி உட்கார்ந்தால் ஒரே இறக்கம், ஹோட்டல் வாசலில் போய்த்தான் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம் "தேவசேனா, கேரட் எங்க?" என்று ஒருத்தரும் அவளைக் கேட்க முடியாது. சாயங்காலம் தள்ளிக்கொண்டே ஏறிவிடுவாள். கொடைக்கானல் மேட்டில் மிதித்துக்கொண்டு போகிறவன் கட்டாயம் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான்.

ஆனால் சைக்கிளும் லேசுப்பட்டதல்ல. பிரேக் பிடிக்காது, செயின் கழன்று விழும், பின்சக்கரம் பல்வலிக்காரன் மாதிரி முனகும்.

"ஞாயித்துக்கிழம காயலான் கடை பாலமுருகன் குட்டியானை வண்டிய எடுத்துட்டு வர்றான். பழைய இரும்போட இதையும் ஏத்தி விட்டுருவேன்" என்றான் சிவமுருகன்.

"நானே ரிப்பேர் பண்ணிட்டா?"

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பண்ணு தாயி! ஞாயித்துக்கிழம ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து காட்டு. வந்துட்டீன்னா அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன்."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனில் ஒரு வீடியோவைப் போட்டாள். செய்து காட்டியவர் சென்னைக்காரர், வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவர் சொன்னபடியே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பிரேக் கட்டையை மாற்றினாள். செயினைப் பழைய பல் பிரஷால் தேய்த்தாள். அது ஒன்றும் பழைய பிரஷ் இல்லை என்பது மறுநாள் காலையில் சிவமுருகன் அலறியபோதுதான் தெரிந்தது.

கடைசியில் ஃப்ரீவீல். மிதித்தால் பின்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும், மிதிக்காவிட்டால் விட்டுவிடும், அந்தப் பல்சக்கரம்தான். "வீட்ல இருக்கிற தேங்காயெண்ணெயே போதுங்க" என்றார் சென்னைக்காரர். தேவசேனாவின் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடந்தது. அடுப்பில் காட்டி உருக்கி, தலைக்குத் தேய்ப்பதைவிடத் தாராளமாக ஊற்றினாள். முனகல் போயே போய்விட்டது.

மறுநாள் இறக்கத்தில் சைக்கிள் சத்தமே இல்லாமல் பறந்தது. பிரேக்கைத் தொட்டால் நின்றது. அந்த வாரம் முழுக்க அவள் தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! சைக்கிள் கம்பெனி முதலாளிகூட அப்படி நடக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையில் பனி விலகாத குளிர். பாலமுருகன் குட்டியானையின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றான், பாவி. தேவசேனா முந்தானையைச் செருகி, ஏறி, மிதித்தாள். பெடல் சுற்றியது, செயினும் சுற்றியது. சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வேகமாக மிதித்தாள். கால் விசிறியாகச் சுழன்றதுதான் மிச்சம். குதிரைச் சவாரிக்கு வந்த கூட்டம் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தது.

"ஏ தேவசேனா, இத்தன நாளா இறக்கந்தான் உன்னய ஓட்டிருக்கு!" சிவமுருகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏத்துறா பாலமுருகா!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம் என்று ஃப்ரீவீலைத் தடவினாள். விரலில் வெள்ளையாக என்னவோ ஒட்டியது. முகர்ந்தாள். அட, இந்தக் குளிரில் எண்ணெய் உறைந்து, சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய உள்கொக்கியையெல்லாம் எழவிடாமல் ஒட்டிப் பிடித்திருக்கிறது! சென்னைக்காரரே, நல்லா இருப்பீங்களா?

பக்கத்தில் முருகம்மாள் அண்டாவில் சோளக்கதிர் வேகவைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, வெரசா ஒரு சொம்பு வெந்நி!" வாங்கிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். எண்ணெய் உருகி ஒழுகியது. பெடலை மிதித்தாள். கடக்!

சைக்கிள் பாய்ந்த வேகத்தில் பாலமுருகன் துள்ளி ஒதுங்கினான். ஏரியைச் சுற்றி ஒரு முழு ரவுண்டு, வழியில் ஒரு நொடிகூடக் காலை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது குட்டியானை சைக்கிள் இல்லாமலே கிளம்பிக்கொண்டிருந்தது. சிவமுருகன் கையை ஆட்டினான்.

"செயிச்சுட்டே தாயி! எறங்கு!"

"எறங்க முடியாதுங்க! மிதிக்கிறத நிறுத்தினா மறுபடி உறைஞ்சிரும்!"

அவனைத் தாண்டிப் போயே விட்டாள். இரண்டாவது ரவுண்டில் அவன் கூடவே ஓடினான், கையில் முருகம்மாளின் வெந்நீர்ச் சொம்போடு. "நில்லுடி, ஊத்துறேன்!"

"நிக்க மாட்டேன், ஏறுங்க!"

தொப்பையோடு துள்ளிக் கேரியரில் உட்கார்ந்தான். குனிந்து ஃப்ரீவீலில் கொஞ்சம், தன் காலில் நிறைய என்று வெந்நீரை ஊற்றிக்கொண்டு, "ஆத்தாடி! சுடுதே!" என்று அலறினான். கூட்டம் கைதட்டியது. தேவசேனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

"ஏண்டி, இப்படியே எம்புட்டு நேரம்? வீட்டுக்கு எப்படிப் போறது?"

"மேடுதான, அதுக்கு ஃப்ரீவீல் எதுக்குங்க? எறங்கித் தள்ளத்தான் நீங்க இருக்கீங்கள்ல."