தங்கையை மீட்கப் படித்தவை

குட்டி அதைச் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னாள். தட்டைக் கழுவ எழுந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். குட்டி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆள் முப்பதைத் தாண்டியவள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் வேலையில் நல்ல பெயர் எடுத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேரப்போகிறாளாம். அதுவும் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நடத்துகிற மடமாக இருந்தாலும் பரவாயில்லை. இது உள்ளே போனால் போனதுதான் என்கிற மடம். செபம், தோட்டவேலை, மௌனம். அவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் போய்க் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

"வீட்ல யாராவது செத்தா விடுவாங்களா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. கேக்கணும்."

"கேட்டுச் சொல்லு." தட்டைக் கழுவாமலே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். குட்டி கிளம்பும்வரை அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குட்டியின் அக்காவுக்கு, மூத்தவளுக்குப் பேச்சு வந்தது, நிறையவே வந்தது. ஒன்றும் எடுபடவில்லை. அம்மா இறந்தபோது குட்டிக்குப் பால்பல்கூட விழவில்லை. தலைவாரிப் பின்னி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டு வளர்த்தவள் மூத்தவள்தான். கல்யாணமாகிப் போன பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு பார்த்தாள். அவர்கள் வழிவழியாகக் கத்தோலிக்கர்கள், ஆனால் எல்லாம் ஓர் அளவோடு. ஞாயிற்றுக்கிழமை பூசை, கல்யாணம், அடக்கம், அதோடு சரி. சாமி என்று தலைதெறிக்க ஓடியவர்கள் குடும்பத்தில் யாருமில்லை.

மூத்தவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீப்பிடித்த வீடுகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுகிறவள். கரி படிந்த சுவரைப் பார்த்தே தீ எந்த மூலையில் தொடங்கியது என்று சொல்லிவிடுவாள். அதனால் குட்டி போனதும் காலியான அறையைப் பெருக்கப் போனவளின் கண், கட்டிலுக்கு மேலிருந்த புத்தக அலமாரியில் போய் நிலைத்தது. கடவுள் இருப்பதை அறிவால் நிறுவ முடியுமா என்று ஒன்று. ஆன்மாவும் உடலும் பற்றி ஒன்று. நல்லவர் ஆள்கிற உலகில் தீமை எதற்கு என்று தடித்ததாக ஒன்று. செபத்தில் வரும் வறட்சி பற்றி மெல்லியதாக ஒன்று. எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள்.

இதில் ஏதோ ஒன்றுதான் என் தங்கச்சியைப் பற்ற வைத்திருக்கிறது என்று மூத்தவள் நினைத்தாள். எது என்று கண்டுபிடித்து, அதில் எங்கே ஓட்டை என்று காட்டிவிட்டால் போதும். மடத்திலேயே இருப்பேன் என்று வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை யாரும் யாரையும் கட்டிப்போடவில்லை. வேண்டாமென்றால் வெளியே வந்துவிடலாம். அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. புத்தகங்களையெல்லாம் இரண்டு பைகளில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எதை முதலில் படிப்பது, எதற்குப் பிறகு எது என்று ஒரு தாளில் வரிசை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தாளைக் கிட்டப்போய் வாசித்தார். "ஒரு சாமியாரம்மாவைத் திருப்பிக் கூட்டிட்டு வரப்போய், நீ இன்னொரு சாமியாரம்மா ஆயிடாத. எனக்குச் சமைக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள்.

முதல் புத்தகம் அவளைப் படுத்தி எடுத்தது. ஒரு வாக்கியம் பக்கத்தின் மேலே தொடங்கிக் கீழே முடிந்தது. காரணம், காரணத்துக்குக் காரணம் என்று போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸில் படித்தாள், ஆபீசில் மதிய இடைவேளையில் படித்தாள், காலையில் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் படித்தாள். பிடிபடாத இடத்தைப் பொய்க்கணக்கு காட்டுகிறவனின் மனுவைப் பார்ப்பதுபோல முறைத்துப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து வந்தாள். ஆனால் எழுதியவன் ஏமாற்றுக்காரன் இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. தன் கட்சிக்கு எதிராக என்னவெல்லாம் சொல்லலாமோ அதையெல்லாம் அவனே முதலில் எடுத்து வைத்தான். அவள் கண்டுபிடித்த ஓட்டைகளை அவன் அவளுக்கு முன்பே கண்டிருந்தான். அதில்தான் அவளுக்கு எரிச்சல்.

பட்டியல் குட்டியின் அலமாரியோடு நிற்கவில்லை. கடவுளே இல்லை என்று வாதாடுகிறவர்களையும் சேர்த்தாள், ஆயுதம் வேண்டுமே என்று. அவர்களில் சிலர் நன்றாக எழுதினார்கள், சிலர் வாய்ச்சவடால். பங்குக் கோயிலில் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே ஒரு சின்ன நூலகம் இருந்தது, யாரும் போவதில்லை. சாவி வைத்திருந்த கோயில் கணக்கப்பிள்ளை, ஆள் வந்ததே போதும் என்று அட்டைகூடக் கேட்காமல் தூக்கிக் கொடுத்தார். மனச்சாட்சி பற்றி ஒன்று எடுத்தாள். அருளும் மனிதச் சுதந்திரமும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒன்று. தாளில் சிலவற்றை அடித்தாள். சிலவற்றின் எதிரே "மறுபடி", "இதற்குப் பதில் எங்கே" என்று கிறுக்கினாள். தாள் கீழ்நோக்கி வளர்ந்து இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

தீமை பற்றிய தடித்த புத்தகத்தை முடிக்கும் நேரத்தில் ஒரு வேலை வந்தது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு. அடுப்படியும் அதை ஒட்டிய சின்ன அறையும் எரிந்திருந்தன. அந்தச் சின்ன அறையில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மூத்தவள் தன் வேலையைச் செய்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மின்செருகி உருகியிருந்தது. கரி அங்கிருந்துதான் விசிறிபோல் மேலே விரிந்திருந்தது. படம் எடுத்தாள், அளந்தாள். குழந்தையின் தாய் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"ஏன்?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

"செருகி சூடாயிருக்குங்க. பின்னாடி இருந்ததால யார் கண்ணுக்கும் படல. உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

"அது எனக்குத் தெரியும். தீயணைப்புக்காரங்க சொல்லிட்டாங்க." நிலையிலிருந்து நிமிர்ந்தாள். "நான் அதைக் கேக்கல."

மூத்தவள் அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். பையில் தடித்த புத்தகம் இருந்தது. அதில் இந்தக் கேள்விக்கு நானூறு பக்கத்துக்குப் பதில் இருந்தது; பெரும்பகுதி அவளுக்கு நியாயமாகவும் பட்டிருந்தது. அதில் ஒரு வரியைக்கூட அந்த வாசலில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "எனக்குத் தெரியலம்மா," என்றாள். அந்தத் தாய் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய், நனைந்து கிடந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் தாளில் அந்தப் புத்தகத்தின் பெயரை அழுத்தி அடித்தாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அவர் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. சில நாள் அவள் எதையும் தொடவில்லை. பிறகு அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். எழுதியவள் பெயர் தெரியாத ஒரு மடத்துப் பெண். எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. கடவுள் வாய் திறக்காத வருஷங்களில் நான் என்ன செய்தேன், எழுந்தேன், பெருக்கினேன், கேட்டேன், பதில் வரவில்லை, மறுநாளும் கேட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். மூத்தவள் அதை மெதுவாகப் படித்தாள். முடித்ததும் திரும்பப் படித்தாள்.

வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய மாதம் மடத்துக்குப் போனாள். கடைசி வாய்ப்பு. மடத்துப் பார்வையாளர் அறையில் மெழுகிட்ட தரை, இரண்டு நாற்காலி, சுவரிலிருந்து சுவர்வரை மரச்சட்டமிட்ட கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் குட்டி வெள்ளை முக்காட்டோடு வந்து உட்கார்ந்தாள். தோட்டவேலையில் கை காய்ப்பேறியிருந்தது.

மூத்தவள் ஆயத்தமாக வந்திருந்தாள். ஆன்மா பற்றிய புத்தகத்தில் நடுவில் அறுந்துபோகும் வாதத்தில் தொடங்கி, சுதந்திரம் பற்றிய புத்தகம் தன்னையே மறுக்கும் இடத்துக்கு வந்து, மூச்சு வாங்க நிறுத்தினாள்.

குட்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ இதையெல்லாம் படிச்சியா?"

"படிச்சேன். நீ கோடு போட்ட இடமெல்லாம் பாத்துப் பாத்து."

"நான் எங்க கோடு போட்டேன்? அதெல்லாம் எங்கிட்ட பயிற்சிக்கு வந்த ஒரு வாத்தியாரோட புத்தகம். செத்துப்போறதுக்கு முன்னாடி எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. வேண்டாம்னு சொல்ல மனசு வரல." குரலைத் தாழ்த்தினாள். "நாலு பக்கம் தாண்டுனா எனக்குத் தூக்கம் வந்துடும்க்கா. அந்தச் சின்னப் புத்தகத்தைக்கூட முடிக்கல."

ஒரு வருஷமாக மூத்தவள் யாரோடு மல்லுக்கு நின்றிருந்தாள்?

"அப்ப எதுக்குடி இங்க வந்த?"

குட்டி யோசித்தாள். "அந்த வாத்தியாருக்கு விரல் மடங்காது. தினமும் ஒவ்வொரு விரலா பிடிச்சு மடக்கி விடுவேன். ஒருநாள் அப்படிப் பண்ணிட்டு இருக்கும்போது, அந்த ரூம்ல எங்க ரெண்டு பேர் தவிர இன்னொருத்தர் இருக்கற மாதிரி இருந்துச்சு. பயமா இல்ல. அதுக்கப்புறம் அது போகவே இல்ல. இங்க வந்தா அவரோட இருக்கலாம்னு தோணுச்சு. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"இது ஒரு காரணமா?"

"இல்லதான். நீ கேட்ட, சொன்னேன்."

இதில் ஓட்டை கண்டுபிடிக்க மூத்தவளுக்கு வழியில்லை. வாதமென்று ஒன்று இருந்தால்தானே ஓட்டை. அவள் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். இவ்வளவு நாள் யாரிடமும் முழுதாகச் சொல்லாதது. வாசலில் நின்ற தாய், நனைந்த துணி, எல்லாம். "உன் கூட இருக்காருன்னு சொல்றியே, அவரு அங்க இருந்தாரா? சொல்லு."

குட்டியின் முகம் சிவந்து கலங்கியது. "எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "அந்தப் பாப்பா பேர் என்ன?"

மூத்தவள் சொன்னாள். குட்டி அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கம்பி வழியே இரண்டு விரல்தான் நுழையும். அதை நீட்டினாள், மூத்தவள் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தபோது இருவரும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தாள்களை உரித்தெடுத்தாள். இனி அவற்றால் யாரையும் மீட்க வேண்டியதில்லை. குப்பையில் போடப்போனவள், போடாமல் மேசையில் விரித்து வைத்து வெறும் தாள் ஒன்றை எடுத்தாள். மெல்லிய புத்தகத்தை முதலில் எழுதினாள். தன்னை அவ்வளவு எரிச்சல்படுத்திய முதல் புத்தகக்காரனை அடுத்து எழுதினாள். அவனோடு பேசித் தீரவில்லை. கடவுள் இல்லை என்றவர்களில் நேர்மையாக எழுதிய ஒருவனை வைத்துக்கொண்டாள். தீமை பற்றிய தடித்த புத்தகத்தின் முன்னால் நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு, கடைசியில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "குட்டி வரலையா?"

"வரமாட்டா."

"அப்புறம் இது யாருக்கு?"

"எனக்குத்தான். என்னமோ, விட முடியல." கிண்டல் வருமென்று காத்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல் ஒண்ணை மட்டும் எனக்குச் சொல்லு," என்றார்.

வார்த்தைப்பாட்டு நாளில் அப்பா வருவாரென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விடிந்ததும் சலவைச் சட்டையோடு மூத்தவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோயிலில் கடைசி வரிசைதான் கேட்டார். குட்டி சடங்கின்படி தரையில் குப்புறப் படுத்திருக்க, மேலே மற்றவர்கள் பாடியபோது, அப்பா முன்னாலிருந்த பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பூசை முடிந்து கம்பிக்கு அருகே போனவர் அவளிடம், "சாப்பிடறியா நேரத்துக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்பிடறேன்ப்பா."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாதி வழிவரை வெளியே பார்த்தபடியே வந்தவர், மூத்தவளின் மடியிலிருந்த புத்தகத்தைத் தட்டினார். "என்ன போட்டிருக்கு அதுல?"

சுருக்கமாகச் சொல்லும் விஷயமாக அது இல்லை. அவள் குறித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து அவர் காதோரம் வாசித்தாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இது சரியில்லையே. இவன் சொல்றபடி பாத்தா, கேக்கறவனுக்கெல்லாம் கிடைச்சிருக்கணுமே?"

"அதுக்கும் பதில் சொல்றான்ப்பா, அடுத்த பக்கத்துல. எனக்கும் அது அவ்வளவா ஒத்துக்கல."

"படி பாக்கலாம்," என்றார் அப்பா.