வெளிக்காற்று

மூக்கருக்கு மூக்கு போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஊருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பெயரையாவது மாற்றியிருப்பார்கள்.

பெயர் சும்மா வந்ததில்லை. பழைய கார் ஒன்றை ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் போதும், மனிதர் பின்பக்கம் போய்க் குனிந்து புகைக்குழாய் ஓரமாக ஒரே ஒரு தரம் மூச்சை இழுப்பார். "பெட்ரோல் கூட" என்பார், அல்லது "காத்து கூட" என்பார். பிறகு கார்புரேட்டர் திருகை அரைக்கால் சுற்று திருப்புவார். அவ்வளவுதான், வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும். எத்தனையோ மெக்கானிக் மீட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியதை இவர் மூக்கை வைத்து முடித்திருக்கிறார்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் அவர் மனைவியையும் கொண்டுபோயிற்று, மூக்கையும் கொண்டுபோயிற்று. முதல் துக்கத்தில் இரண்டாவதை அவர் கவனிக்கவே பத்து நாள் ஆனது. அடுப்பில் பால் தீய்ந்து கரியாகி, மாடியில் இருந்த மகள் ஓடிவந்து, "பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க, தெரியலயாப்பா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. டாக்டரிடம் போனார்கள். "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு?

மனைவி இருந்தவரை பட்டறையின் முன்னறையில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வாய்க்காரி, ஆனால் சுத்தத்தில் கெட்டி. பெட்ரோல் வாடை அவளுக்கு ஆகவே ஆகாது. சாயங்காலம் வேலை முடிந்து மூக்கர் கை கழுவிவிட்டு வந்தால், இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். முகர்ந்து பார்ப்பாள். "போகல. இன்னொரு தடவை" என்பாள். மறுபடி குழாயடிக்குப் போவார். சில நாள் மூன்று தடவைகூட ஆகும். "ஊருக்கு நான் மூக்கர், எனக்கு நீ மூக்கி" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போவார், ஆனால் போவார். அதற்குப் பிறகுதான் கட்டிலில் உட்கார அனுமதி.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஜுரத்தில் வேர்க்கிறது என்று அவள் கழற்றிப் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர் தையல் மிஷின் நாற்காலியிலேயே கிடந்தது. துவைக்காத ஸ்வெட்டர். அதை மூக்கர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை டேப் வைத்து ஒட்டி அலமாரியில் வைத்தார். மூக்கு திரும்ப வருகிற அன்று முதலில் முகர வேண்டியது அது என்று முடிவு. வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டேப்பைப் பிரிப்பார். முகத்தைப் புதைத்து இழுப்பார். ஒன்றும் வராது. மகளிடம் நீட்டுவார்.

"இருக்கா?"

மகள் முகர்ந்துவிட்டு, "இருக்குப்பா" என்பாள். மூக்கர் மறுபடி ஒட்டி வைப்பார். எனக்கு வராவிட்டால் போகிறது, அது அங்கேயே இருக்கிறது அல்லவா, அது போதும். அந்த 'இருக்குப்பா'வை வைத்துக்கொண்டுதான் மனிதர் அடுத்த ஞாயிறு வரை ஓட்டினார்.

தொழிலையும் எப்படியோ ஓட்டினார். பழைய பழக்கத்தில் புகைக்குழாய்க்குக் குனிவார், ஒன்றுமில்லாததை முகர்வார், காதையும் அனுபவத்தையும் நம்பித் திருகைத் திருப்புவார். பத்துக்கு எட்டு சரியாக வந்தது. மற்ற இரண்டில் ஒன்றுதான் ரிட்டயர்டு தபால்காரரின் கார்.

சனிக்கிழமை அவர் வந்து, குறை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். "பின்சீட்டுல உக்காந்திருந்த எங்க வீட்டம்மா ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டாங்க. அப்புறம் மயக்கமே வந்துடுச்சு. புகை நெடி உள்ள வருது. உங்க மேல தப்பில்லீங்க, நீங்க பாத்த வண்டி. பெட்ரோல்லதான் ஏதோ கலப்படம்."

திட்டியிருந்தால்கூட மூக்கர் தாங்கியிருப்பார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று கரி. பெட்ரோல் அதிகம் என்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மகளுக்கு உதிரிபாகக் கடை கவுன்டரில் வேலை. மறுநாள் காலை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். "ஆக்சிஜன் சென்சார்ப்பா. புகையில எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்குன்னு பாத்து, காத்து கூடவா பெட்ரோல் கூடவான்னு மீட்டர்ல நம்பரா காட்டிடும். ஆறு மாசமா சொல்றேன்."

ஆறு மாதமாகத்தான் அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை வாங்கினால் மூக்கு இனி வராது என்று ஒத்துக்கொண்ட மாதிரி. இன்றைக்குப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். "இதை வெல்டிங் வச்சுல்ல பிடிக்கணும்?" என்றார்.

எதிர்வரிசையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. குழாயில் ஓட்டை போட்டு நட்டு ஒன்றை வைத்து ஐந்து நிமிஷத்தில் பற்றவைத்துவிடுவான். ஆனால் மச்சானுக்கு எல்லாவற்றிலும் மூக்கில் வேர்க்கும். மாமா உங்களுக்கு எதுக்கு சென்சார் என்று ஆரம்பித்தால் விடமாட்டான். பிறகு தெரு முழுக்க வந்து துக்கம் விசாரிக்கும்.

"வெல்டிங் வேணாம்ப்பா. கிளாம்ப் மாடல்தான் கொண்டாந்திருக்கேன்."

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிக்கொண்டு இருவரும் வேலையில் இறங்கினார்கள். காரைத் தூக்கி முட்டுக்கொடுத்தார் மூக்கர். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே நேராக ஓடும் குழாயில் இடம் பார்த்தார். சென்சார் குழாயின் மேல்பாதியில் சாய்வாக நிற்க வேண்டும், அடியில் வைத்தால் குழாயில் தேங்கும் நீர் பட்டு வெடித்துவிடும் என்று மகள் காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். சின்ன டிரில்லில் ஒரு துளை, பிறகு பெரியது, பிறகு அதையும்விடப் பெரியது. இரும்புத்தூள் புருவத்தில் எல்லாம் கொட்டியது. துளையின் மேல் கசிவை அடைக்கும் கேஸ்கெட், அதன் மேல் குழாய்க்குத் தக்கபடி வளைந்த ஒரு தகடு, தகட்டின் நடுவில் மரை போட்ட வாய். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் தகடு குழாயைக் கவ்விக்கொள்ளும். வாயில் சென்சாரைத் திருக வேண்டியதுதான்.

ஓரத்தில் கொஞ்சம் சிலிக்கான் பசை பூசலாம் என்று மூக்கர் டியூபை எடுத்தார். மகள் வெடுக்கென்று பிடுங்கினாள். "அந்த ஆவி பட்டா சென்சார் செத்துடும்ப்பா. கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"அப்படியே உங்கம்மா" என்றார்.

இன்ஜின் சூடானதும் மீட்டரில் எண் வந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று பதினாலே முக்கால் பங்கு பக்கம் இருந்தால் சரி. ஏறினால் காற்று அதிகம், இறங்கினால் பெட்ரோல் அதிகம். மீட்டர் பதினேழைக் காட்டியது.

"காத்து அதிகமா? பிளக்கு கரியா இருக்கே" என்றார் மூக்கர். ஆனாலும் மீட்டரை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினார். இன்ஜின் திணறியது. இன்னும் கூட்டினார். மகள் இருமத் தொடங்கினாள், கண்ணில் நீர் வழிந்தது. "அப்பா, நிறுத்துங்க. நாத்தம் குடலைப் பிடுங்குது."

மூக்கருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுத்தமான காற்றில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைப் புகையில் திணறவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறோமே என்று உறைத்தது. இன்ஜினை நிறுத்தி ஷட்டரை முழுதாகத் தூக்கினார். மச்சான் பார்த்தால் பார்க்கட்டும்.

புகை போனதும் யோசித்தார். மூளை இன்னும் போகவில்லையே. சோப்புத் தண்ணீரைத் தகட்டின் ஓரத்தில் தடவி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரு மூலையில் நுரை கொப்பளித்துக் கொப்பளித்து உள்ளே இழுத்தது. கழற்றினார். துளையின் விளிம்பில் டிரில் விட்டுப்போன பிசிறு ஒன்று கேஸ்கெட்டை அரை மயிர் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. அவசரத்தில் அராவாமல் விட்டிருக்கிறார். அராவித் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து முறுக்கினார். இப்போது மீட்டர் பதினொன்றைக் காட்டியது. பெட்ரோல் அதிகம். பிளக்கு சொன்னதும் அதுதான், மகள் மூக்கு சொன்னதும் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பதினாலே முக்காலில் நிறுத்தினார்.

மகள் முகர்ந்து பார்த்து, "இப்ப நெடியே இல்லப்பா" என்றாள்.

மூக்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக வாய் நிறையப் பேசினார். "சென்சார் மேல தப்பே இல்லம்மா. ஓட்டைய மூடாதது நாம. இன்ஜின் மூச்சு விடற ஒவ்வொரு தடவையும் வெளிக்காத்து துளித்துளியா உள்ள போயிருக்கு. வெளிக்காத்து புகுந்துட்டா அப்புறம் உள்ள என்ன இருந்துச்சுன்னு..."

பாதியில் நின்றுபோனார். கையில் ஸ்பானர் இருந்தது.

மகளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் குனிந்து தரையில் சிந்திய இரும்புத்தூளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

மூக்கர் மாடிக்குப் போனார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே. அலமாரியிலிருந்து உறையை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்தார். வாயில் டேப்பின் மேல் டேப்பாக ஒட்டி ஒட்டி ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. அறுபது ஞாயிறு. மகள் பின்னாலேயே வந்து நின்றாள். அவர் பிரித்தார், முகரவில்லை, அவளிடம் நீட்டினார்.

"பொய் சொல்லாம சொல்லு. இருக்கா?"

மகள் ஸ்வெட்டரை வாங்கினாள், முகத்தருகே கொண்டுபோனாள்.

"அம்மா வாசனை போன மழைக்காலத்தோடயே போயிடுச்சுப்பா."

"இப்ப ஒண்ணுமே இல்லையா?"

"பெட்ரோல் வாசனை வருது. கிரீஸும். உங்க கை வாசனைப்பா."

மூக்கர் கட்டிலில் உட்காரப்போனவர் உட்காரவில்லை. "அப்ப ஏன் இருக்கு இருக்குன்னு சொன்னே?"

"டேப்பை ஒட்டிட்டு எந்திரிக்கறப்ப உங்க முகம் நல்லா இருக்கும்ப்பா. அதைப் பாக்கறதுக்குத்தான்." அவள் அழுதாள்.

அவருக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. மனைவி தொடவே விடாத கையால், அவள் உடுப்பைப் போய், வாரம் தவறாமல் தொட்டிருக்கிறோம். மிச்சமிருந்த அவளை அவரே துடைத்து எடுத்துவிட்டார்.

குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்த்தார். நகக்கண்ணில் பிரஷ் போட்டார். விரல் இடுக்கு, உள்ளங்கை, புறங்கை என்று மனைவி சொல்லிக்கொடுத்த வரிசையில் கழுவினார். துடைக்காமல் ஈரத்தோடு வந்து, மகளின் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

மகள் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இனிமேல் பொய் சொல்ல அவளுக்கும் மனமில்லை.

"போகல" என்றாள். "இன்னொரு தடவை."

மூக்கர் தலையாட்டிவிட்டு மறுபடியும் குழாயடிக்குப் போனார்.